கூடாரம் கட்டப் போற கோமான்களுக்கு

வாங்கடா பசங்களா. செருப்பை அந்தாண்டயே விட்டுட்டு வாங்க. பக்கத்து வீட்டுக்காரன் தெருவுல பாவு நீட்டியிருக்கான். உங்க கால் பட்டு ஒரு இழை அறுந்துதுன்னா உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டான், என் ஏழு தலைமுறையைத்தான் இழுப்பான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல வயசானவனா இருக்கறதுல அது ஒரு வசதி.

எங்க பேராண்டி, அந்தப் போன்ல இருக்கற பட்டியலைப் படி. டென்ட் ரெண்டு. ஸ்லீப்பிங் பேக் நாலு. கேஸ் அடுப்பு. ப்ளூடூத் ஸ்பீக்கர். பவர் பேங்க். ட்ரோன். மார்ஷ்மெல்லோ. கடைசியா சொன்னது இன்னாது, சளி மருந்தா? நெருப்புல வாட்டித் தின்ற மிட்டாயா? சரி சரி. ஒரு மிட்டாயை வாட்டறதுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டிப் போறீங்க. போங்க. பணமும் உங்களுது, பல்லும் உங்களுது.

இடம் தனுஷ்கோடி, அரிச்சல்முனை. தேதி டிசம்பர் 22. அடேங்கப்பா! பஞ்சாங்கம் பாத்தா குறிச்சீங்க? லீவு ஒத்துவந்துதா. லீவு உங்களுக்கு ஒத்துவந்துது, கடலுக்கு ஒத்துவருதான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?

1964ல இதே டிசம்பர் 22 ராத்திரிதான்டா அந்த ஊரு போச்சு. அப்போ அது ஊரு. ரயில் ஸ்டேஷன், தபாலாபீஸ், கஸ்டம்ஸ், சர்ச்சு, பள்ளிக்கூடம், கப்பல் துறை எல்லாம் இருந்துது. எங்க நைனா காலத்துல நம்ம ஊருப் பட்டை வாங்கிக்கிட்டு கொழும்புக்குப் போன வியாபாரிங்களுக்கு அதுதான் வழி. எழும்பூர்ல போட் மெயில் ஏறினா தனுஷ்கோடி. அங்க கப்பல் ஏறினா தலைமன்னார். அங்க இருந்து மறுபடியும் ரயிலு. 1914ல பாம்பன் பாலம் திறந்ததுல இருந்து அப்படித்தான் நடந்துது. அம்பது வருஷம் ஓடிச்சு. அப்பறம் ஒரே ராத்திரி.

பாம்பன்ல இருந்து கிளம்பின 653ஆம் நம்பர் பாசஞ்சரு தனுஷ்கோடி ஸ்டேஷனை எட்டறதுக்குள்ள அலை வந்து வாரிக்கிட்டுப் போயிடுச்சு. இன்ஜினோட சேத்து. உள்ள இருந்த நூத்துக்கும் மேல ஜனத்துல ஒருத்தரும் மிஞ்சல. பாம்பன் பாலத்து கர்டருங்களும் கடல்ல விழுந்துச்சு. பின்னாள்ல கொங்கன் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டினாரே ஸ்ரீதரன், அவரு அப்போ சின்ன வயசு இன்ஜினியரு. கடல்ல விழுந்ததைத் தேடி எடுத்து 46 நாள்ல பாலத்தை நிமிர்த்திட்டாரு. பாலம் திரும்பி வந்துது. ஊரு வரல. மனுஷன் குடியிருக்க லாயக்கில்லைன்னு சர்க்காரே எழுதி வெச்சுட்டாங்க.

அந்த ஊர்லதான் நீங்க ஆணி அடிச்சுக் குடித்தனம் பண்ணப் போறீங்க. நல்லா பண்ணுங்க. ரயில் இன்ஜினையே தூக்கிக்கிட்டுப் போன கடலு, ஆன்லைன்ல வாங்கின உன் டென்ட்டைப் பாத்து 'ஐயோ பாவம், தள்ளுபடியில வாங்கியிருக்கான்'னு விட்டுடும். மேல வாட்டர்ப்ரூஃப்னு வேற எழுதியிருக்காமே? ரொம்ப நல்லது. தண்ணி உள்ள வராது, நீயும் வெளிய வர மாட்டே.

மூஞ்சி ஏன்டா சுருங்குது? போகாதேன்னு நான் சொல்லவே இல்லையே. போறவன் ஒழுங்கா போகணும்னுதான் சொல்றேன்.

முதல்ல ஒரு சின்ன சங்கதி. அரிச்சல்முனையில ராத்திரி தங்க விடமாட்டாங்க. 2017ல முகுந்தராயர் சத்திரத்துல இருந்து முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டருக்கு ரோடு திறந்தாங்க. அதுக்கு முன்னாடி மணல்லயும் தண்ணியிலயும் வேன்ல உருண்டு போவாங்க, குடல் வாய்க்கு வரும். இப்போ வழவழன்னு போகலாம், ஆனா பொழுது சாயறதுக்குள்ள போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் வண்டி ஏத்திடுவாரு. எங்கயாவது ஒளிஞ்சுக்கலாம்ங்கறியா? எங்க ஒளிவே? இந்தாண்ட கடலு, அந்தாண்ட கடலு, நடுவுல ரோடு. முனைக்குப் போகப் போக மணலும் ரோடும்தான். அதுலயும் நீங்க வாங்கியிருக்கற டென்ட்டு இன்னா கலரு? ஆரஞ்சா? பேஷ். தலைமன்னார் அங்கேருந்து முப்பது கிலோமீட்டர்தான், அந்தக் கரையில இருக்கறவனுக்கே தெரியும்.

ட்ரோனை மட்டும் மறக்காம எடுத்துக்கோங்க. எல்லைக் கடல் அது. கடற்படை இருக்கு, கடலோரக் காவல் இருக்கு. கேக்காம ஒரு தடவை மேல விட்டீங்கன்னா ராத்திரி எங்க தங்கறதுங்கற கவலையே வேணாம். ஸ்டேஷன்ல ஃபேனோட இடம் குடுப்பாங்க, காலையில டீயும் கிடைக்கும்.

அடுத்தது காத்து. உங்க பட்டியல்ல இல்லாத சாமான் அதுதான். அந்த முனையில ரெண்டு கடல் சேருது. வடக்கால இருக்கறது பாக் நீரிணைப் பக்கம், அலையே இல்லாம அமைதியா கிடக்கும். அதைப் பெண் கடல்ங்கறாங்க. தெற்கால மன்னார் வளைகுடா, ஓயாம அடிக்கும். அது ஆண் கடல். பொம்பளைன்னா சாதுன்னு பேர் வெச்சவன் எவனோ கல்யாணம் ஆகாதவனா இருக்கணும். உங்க ஆயாகிட்ட இதை நான் சொன்னதா சொல்லித் தொலைக்காதே.

சங்கதி இன்னான்னா, அந்தக் குணம் வருஷம் பூரா நிலைக்காது. கோடையில தென்மேற்குக் காத்து அடிக்கறப்போ தெற்குப் பக்கம் குதிக்கும், வடக்குப் பக்கம் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி பொறந்து வாடை திரும்பிச்சா அப்படியே தலைகீழ். சாதுப் பக்கம் சண்டைக்கு நிக்கும், ஆம்பளைப் பக்கம் வாயைப் பொத்திக்கும். நம்ம வீட்டுலயும் பாக்கறதுதானே. மீன்காரங்க அதுக்குத் தக்கபடிதான் எந்தக் கரையில தொழில் பண்றதுன்னு முடிவு பண்றாங்க. நீங்க இன்னா பண்ணுவீங்க? கோடையில எவனோ எடுத்த வீடியோவைப் பாத்துட்டு, மார்கழியில போய் வடக்குக் கரையில டென்ட் போடுவீங்க. ரெண்டு தண்ணியும் சேர்ற இடத்துல குளிக்கறதுக்கு இறங்கவும் இறங்குவீங்க. அங்க அடியில இழுப்பு இருக்குடா. குளிக்காதேன்னு போர்டு வெச்சிருக்கறது செல்ஃபிக்குப் பின்னாடி தெரியறதுக்கு இல்ல.

புயல் எழும்பற மாசமும் அதுதான், ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. 2018 நவம்பர்ல கஜா வேதாரண்யத்துப் பக்கம் புகுந்து தென்னையெல்லாம் வேரோட சாய்ச்சுதே, ஞாபகம் இருக்கா? 2020 டிசம்பர்ல புரெவின்னு ஒண்ணு ராமநாதபுரத்தாண்ட வந்து உக்காந்துக்கிட்டு நகரவே மாட்டேன்னு அடம் புடிச்சுது. இங்க மழை புடிச்சாலே நமக்குத் தறிக்குழியில தண்ணி ஊறும், பாவு நமுத்துப்போகும், கூலி நின்னுடும். நாலு சுவத்துக்குள்ள இருக்கற நமக்கே அந்தப் பாடு. துணிச் சுவத்துக்குள்ள படுக்கப் போறவன் தை கழிஞ்சு மாசியில போகணும். லீவு இல்லையா? உடம்பு சரியில்லைன்னு ரெண்டு நாள் போடு. உங்க மேனேஜரும் அப்படித்தான் போடறாரு.

ஆணி இருக்கே, அந்தச் சின்னச் சின்ன அலுமினிய ஆணி, அதை இங்கயே விட்டுட்டுப் போங்க. உங்க ஆயா அப்பளம் காயப்போடறப்போ துணி பறக்காம குத்திக்குவா. மணல்ல அடிச்ச ஆணி, கட்டையை ஊனாம தெருவுல பாவு நீட்டின கதைதான். இழுக்கற வரைக்கும்தான் நிக்கும், இழுத்தா கையோட வந்துடும். அரிசிப் பை நாலு எடுத்துக்கோ. மணலை ரொப்பு. வாயைக் கட்டு. கயித்தைப் பையோட வயித்துல சுத்திக் கட்டி, ரெண்டு அடி குழி தோண்டி, படுக்க வெச்சுப் புதைச்சு, மேல ஏறி நல்லா மிதி. மேல இருக்கற மணலோட கனம் இழுத்துப் புடிக்கும். டென்ட் வாசலைக் காத்து வர்ற பக்கம் திருப்பாதே, உள்ள பூந்து மேல தூக்கிடும். கத்துக்கிட்டு செய்யுங்க, இல்லாட்டி ட்ரோன் இல்லாமலே டென்ட் பறக்கறதைப் படம் புடிக்கலாம்.

தண்ணிக்கு இன்னா வழி? பாட்டில் வாங்கிக்குவீங்களா? நாலு பேரு, உப்புக் காத்து, வெயிலு. எத்தனை பாட்டில்? காலி பாட்டிலை எங்க போடுவீங்க? பதில் இல்ல. ஸ்பீக்கருக்கு மட்டும் சார்ஜ் எத்தனை மணி நேரம் நிக்கும்னு மனப்பாடமா சொல்றீங்க.

அந்த இடிஞ்ச ஊர்ல இன்னமும் மீன்காரங்க குடிசை போட்டு இருக்காங்க. அவங்க எப்படிக் குடிக்கறாங்கன்னு போய்ப் பாருங்க. கடலுக்குக் கூப்பிடு தூரத்துல மணலைத் தோண்டுவாங்க. ரொம்ப ஆழம் போக மாட்டாங்க. கொஞ்ச நேரத்துல தண்ணி ஊறும். கொட்டாங்குச்சியோ சின்னக் கிண்ணமோ வெச்சு, கலங்காம, மேலாப்புல மொண்டு குடத்துல ஊத்துவாங்க. குடிச்சுப் பாத்தா நல்ல தண்ணி! சுத்தி உப்பு, நடுவுல நல்ல தண்ணி, எப்படின்னு கேளு. மழைத் தண்ணி மணல்ல இறங்குது. உப்புத் தண்ணி கனம், நல்ல தண்ணி லேசு. அதனால கனத்துக்கு மேல லேசு மெதந்துக்கிட்டு நிக்குது. பேராசைப்பட்டு ஆழமா தோண்டினா, இல்ல மோட்டார் போட்டு உறிஞ்சினா, அடியில இருக்கற உப்பு மேல ஏறிடும். அம்மணிங்க மேலாப்புல மொள்றதுக்கு அதுதான் காரணம். அது அவங்க சாப்பாட்டுத் தண்ணி. கேட்டு வாங்கிக் குடி. கை அலம்பறேன், தட்டு கழுவறேன்னு ஊத்துல இறங்கினே, நான் இங்க இருந்தே வந்து உதைப்பேன்.

நமக்கு ஊத்து புதுசு இல்ல. பாலாத்துல ஒரு காலத்துல அப்படித்தான் தோண்டிக் குடிச்சோம். சித்ரா பௌர்ணமிக்கு நம்ம வரதர் இன்னா பண்றாரு? ஐயங்கார்குளம் நடவாவிக் கிணத்துல இறங்கி எழுந்தருளிட்டு, பாலாத்துக்குப் போயி, மணல்ல ஊறல் உற்சவம் கொண்டாடிட்டுத்தான் திரும்பறாரு. பெருமாளே வருஷத்துக்கு ஒருக்கா ஊருக்கு வெளிய மணல்ல தங்கப் போறவருடா. ஆனா பாரு, அவரு எதிர்பாத்தது பௌர்ணமி வெளிச்சம், எல்.ஈ.டி லைட்டு இல்ல. கூட்டமா வெளிய தங்கற வித்தையை நம்ம ஊருக்கு எவனும் சொல்லித் தர வேணாம். 2019ல அத்தி வரதர் 48 நாள் வெளிய இருந்தப்போ இந்தத் திண்ணையில எத்தனை ஊரு ஜனம் படுத்துது! எவன் கையிலயும் ஸ்லீப்பிங் பேக் இல்ல. துண்டை விரிச்சான், தூங்கினான், காலையில என் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

வெளிச்சம்னதும் ஞாபகம் வருது. மாசியில போனீங்கன்னா அது பங்குனி ஆமை கரையேறி முட்டை வெக்கற காலம். ராத்திரியில வந்து மணலைத் தோண்டி நூறு முட்டை போல போட்டு மூடிட்டுப் போயிடும். வனத்துறைக்காரங்க அதைப் பொறுக்கி வேலி கட்டிப் பொரிக்க வெக்கறாங்க. குஞ்சுங்க பொரிஞ்சு வெளிய வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கோ அந்தப் பக்கம்தான் நடக்கும். இருட்டுல கடல்தான் வெளிச்சம். நீ டார்ச்சும் சீரியல் செட்டும் மாட்டி வெச்சா அது உன் டென்ட்டை சமுத்திரம்னு நம்பி வந்து நிக்கும். பூநாரைங்களும் வரும். 2025 ஜூன்ல அந்தப் பக்கத்தைப் பூநாரை சரணாலயமாவே அறிவிச்சுட்டாங்க. உன் குத்துப்பாட்டு கேக்க வேண்டியதா அவ்ளோ தூரம் பறந்து வருது அது?

சரி, எங்கதான் படுக்கறது? அப்படிக் கேளு. பகல்ல முனைக்குப் போ. கூரை போயி சுவரு மட்டும் நிக்கற சர்ச்சைப் பாரு. வழியில கோதண்டராமர் கோயிலு. அந்தப் புயலுக்கும் தப்பிச்சு நிக்குது, இறங்கிக் கும்பிடு. பொழுது சாயறப்போ போலீஸ்காரர் விசிலுக்கு முன்னாடி நீயே கிளம்பிடு, மரியாதையா இருக்கும். ராத்திரிக்கு ராமேஸ்வரத்துல சத்திரம், லாட்ஜுன்னு எதுக்கும் குறைச்சல் இல்ல. மணல்ல படுத்தே ஆகணும்னா பாலம் தாண்டி இந்தாண்ட வந்துடு. ராமநாதபுரத்துல இருந்து மண்டபம் வரைக்கும் நாக்கு நீட்டினாப்பல ஒரு நிலம் போகுது, வடக்கால ஒரு கடல், தெற்கால ஒரு கடல். உச்சிப்புளிக்கிட்ட அரியமான் கடற்கரை, பாக் நீரிணைப் பக்கம். அங்க ஊர்க்காரங்களையும் போலீஸையும் கேட்டு, சரின்னு சொன்னாத்தான் பையை இறக்கணும். வேணாம்னு சொன்னா எதிர்த்துப் பேசாம பையைத் தூக்கு. அவங்க கடலு அது.

அந்த நாக்கோட நுனியில மண்டபம் கேம்ப்னு ஒரு ஸ்டேஷன் வரும். பேரைப் பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுப்பீங்க, எனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்துல சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம்ம ஜனத்தை அங்கதான் நிறுத்தி வெச்சாங்க. காலரா இருக்கா, அம்மை இருக்கான்னு சில நாள் பாத்துட்டுத்தான் கப்பல் ஏத்துவாங்க. 1964 அக்டோபர்ல சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஆச்சு. அப்பறம் அதே ஜனத்தோட பிள்ளை குட்டிங்க திரும்பி வந்தப்போ அங்கதான் வந்து தங்கினாங்க. 1983 கலவரத்துக்கு அப்பறம் அகதிங்க வந்தாங்க, இன்னிக்கும் அங்க இருக்காங்க. நீங்க காசு குடுத்து ரெண்டு நாள் அனுபவிக்கறதை, கேக்காமலே வருஷக்கணக்கா அனுபவிச்ச ஜனம். அந்த வழியா போறப்போ ஸ்பீக்கரை அணைச்சுடுங்க.

பைக்குலயா போறீங்க? போங்க போங்க. பாம்பன் பாலத்தாண்ட போறப்போ உங்க முதுகு இருக்கற நிலைமைக்கு, கடலைப் பாக்க மாட்டீங்க, தைலம் விக்கற கடையைத்தான் பாப்பீங்க. பேசாம செங்கல்பட்டுக்குப் போயி சாயங்காலம் ராமேஸ்வரம் ரயிலேறிப் படுங்க. பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னுபோயி, ரெண்டு வருஷத்துக்கு மேல வண்டியெல்லாம் கரையோட திரும்பிச்சு. இப்போ 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்தாச்சு. ரெண்டு கிலோமீட்டர் சொச்சம். கப்பலு வந்தா நடுவுல இருக்கற 72.5 மீட்டர் துண்டு அப்படியே நேரா மேல ஏறும். பழசு ரெண்டா பிளந்து திறக்கும். விடியக்காலம் பாலத்து மேல வண்டி ஊர்றப்போ முழிச்சுக்கிட்டு இருங்க, அதுக்குத் தனி டிக்கெட் இல்ல. ஆனா ஒண்ணு, கேஸ் சிலிண்டரை ரயில்ல ஏத்தக்கூடாது. அது எவ்ளோ சின்னதா இருந்தாலும் சரி.

அடுப்பு இல்லாம சோத்துக்கு இன்னா பண்றது? அதுக்குத்தான்டா காஞ்சிபுரத்துல பொறந்தோம். உங்க ஆயாகிட்ட சொல்லிக் குடலை இட்லி போடச் சொல்றேன். வரதர் கோயில் பக்குவம். பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய்யி. மூங்கில் குடலையில மந்தாரை இலையைச் சுத்தி வெச்சு, மாவை ஊத்தி, மணிக்கணக்கா ஆவியில வேகணும். மிளகும் சுக்கும் போட்டதால ரெண்டு நாள் ஆனாலும் கெடாது. துண்டு போட்டு, மிளகாப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி எடுத்துக்கிட்டுப் போங்க. கடல் காத்துல அடுப்பு பத்த வெக்கப் பத்து தீக்குச்சியை வீணடிச்சு, பாதி வெந்த நூடுல்ஸ்ல மணலைத் தூவித் தின்றதுக்கு அது தேவலை. அந்த மிட்டாயையும் வெச்சுக்கோங்க. வாட்டாமத் தின்னா ஒண்ணும் குறைஞ்சுபோகாது.

கடைசியா ஒரு சூட்சுமம், கிட்ட வா, சத்தமா சொல்லக்கூடாது. உங்க அம்மாகிட்ட தனுஷ்கோடி, டென்ட்டு, கேம்ப்பு இந்த வார்த்தை ஒண்ணும் வாயில வரக்கூடாது. 'ராமேஸ்வரம் கோயிலுக்குப் போறோம்மா'ன்னு சொல்லு. கண்ணுல தண்ணி வந்துடும் அவளுக்கு. வழிச்செலவும் அவளே குடுப்பா. உண்டியலுக்குத் தனியா வேற முடிஞ்சு குடுப்பா, அதுல கை வெக்காதே. ஆனா சொன்னபடி நடக்கணும். அக்னி தீர்த்தத்துல முங்கி, உள்ள இருக்கற 22 தீர்த்தத்துலயும் வாளி வாளியா தலையில ஊத்திக்கணும். ஒண்ணைக் கூட விடாதே. அவ வரிசையா பேரு கேப்பா. கடைசி தீர்த்தம் கோடி தீர்த்தம், அதை வீட்டுக்குப் பிடிச்சுக்கிட்டு வரணும்னு கட்டாயம் சொல்லி அனுப்புவா. அதுக்குன்னு ஒரு பாட்டிலைத் தனியா வெச்சு, மேல பெருசா எழுதி ஒட்டு. ரயில்ல ராத்திரி தாகத்துக்கு எவனாவது எடுத்துக் குடிச்சுட்டு, செங்கல்பட்டு ஸ்டேஷன் குழாயில ரொப்பிக் குடுக்கறதுக்குப் பாப்பான்.